கிட்டார் பழக ஆரம்பிக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

கிட்டார் வாங்கி, சில வாரம் போராடி, பிறகு அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் "விரல் வலித்தது", "நேரமே கிடைக்கவில்லை" என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும். எடுத்த எடுப்பிலேயே கைக்கு எட்டாத ஒரு பாட்டைப் பிடித்திருப்பார்கள். அதனால் வாத்தியம், கம்பி, விரல் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் நான் சுற்றிச் சுற்றிப் பாட்டுத் தேர்வுக்கே வந்து நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சங்கீதமே தெரியாது. ஸ்வரம், நொட்டேஷன் எதுவும் படித்ததில்லை. கிட்டார் வருமா?

வரும். பாட்டு ஓடும்போது உங்கள் கால் தானாகத் தாளம் தட்டுகிறதா? அது போதும். ஆரம்பத்துக்குப் படிக்கத் தெரியவேண்டியவை இரண்டே படங்கள்தான்.

முதலாவது கார்டுப் படம். (தமிழில் எழுதினால் அட்டைக்கும் இதற்கும் ஒரே எழுத்துதான் வருகிறது, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டைத்தான் இங்கே கார்டு என்கிறேன்.) அதில் நிற்கும் ஆறு கோடுகள் ஆறு கம்பிகள், குறுக்குக் கோடுகள் ஃப்ரெட்டுகள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), புள்ளி இருக்கும் இடத்தில் விரல். கம்பியின் தலைமாட்டில் பெருக்கல் குறி இருந்தால் அதை மீட்டக்கூடாது. வட்டம் இருந்தால் விரல் வைக்காமல் திறந்தபடி மீட்ட வேண்டும்.

இரண்டாவது டேப். படுத்திருக்கும் ஆறு கோடுகள், அவற்றின் மேல் எண்கள். எண் என்பது எத்தனையாவது ஃப்ரெட் என்பது. இதில் எல்லோரும் ஒருமுறை ஏமாறுவார்கள்: டேப்பில் மேலே இருக்கும் கோடுதான் மெல்லிய கம்பி. மடியில் இருக்கும் கிட்டாரிலோ மெல்லிய கம்பி கீழே இருக்கும்.

நைலான் கம்பி, ஸ்டீல் கம்பி, எலக்ட்ரிக். எதில் ஆரம்பிப்பது?

"முதலில் அகூஸ்டிக், அப்புறம்தான் எலக்ட்ரிக்" என்று ஒரு விதி இருப்பதுபோல் சொல்வார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. நீங்கள் வாசிக்க ஆசைப்படும் பாட்டுகளில் எந்தச் சத்தம் கேட்கிறதோ அந்தக் கிட்டாரை வாங்குங்கள்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு இதம். ஆனால் அதன் கழுத்து அகலம், மேல் முனையில் சுமார் 52 மில்லிமீட்டர். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் 43, 44 மில்லிமீட்டர்தான் இருக்கும்; கை சுலபமாகச் சுற்றிப் பிடிக்கும், ஆனால் கம்பி விரலைக் கடிக்கும். பாட்டுக்குக் கார்டு வாசிக்க நினைப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். எலக்ட்ரிக்கில் கம்பி மெல்லியது, அழுத்துவதும் சுலபம். ஆம்ப்ளிஃபயர் என்று இன்னொரு பொருள் கூட வரும்.

ஓர் எச்சரிக்கை. நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பியை மாட்டிவிடாதீர்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ எடைக்குச் சமம். சாதாரண ஸ்டீல் கம்பி செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். கம்பிகளை உடலோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பளபளப்பைப் பார்க்காமல் 12ஆவது ஃப்ரெட்டைப் பாருங்கள். அந்த இடத்தில் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் ஆக்‌ஷன். ஸ்டீல் கம்பியில் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் வசதி, மூன்று என்றால் கடினம். நைலானில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் வரை கூட இருக்கலாம்.

என் முதல் கிட்டாரில் அந்த இடைவெளிக்குள் ஒரு பென்சிலையே நுழைத்துவிடலாம் போலிருக்கும். விற்றவர் "வாசிக்க வாசிக்கச் சரியாயிடும்" என்றார். ஆறு மாதம் என் விரல்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பழுது பார்க்கும் ஒருவர் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைப் பட்டையை எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்து மறுபடி வைத்தார். அரைமணி நேர வேலை. அன்று சாயங்காலமே, அதுவரை ஒருநாளும் ஒழுங்காக ஒலிக்காத சி கார்டு ஒலித்தது. புதுக் கிட்டாராக இருந்தாலும் ஒருமுறை செட்டப் செய்து தரச் சொல்லுங்கள்.

மற்றபடி, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிப் பாருங்கள், எங்காவது கரகரக்கிறதா என்று. திறந்த கம்பியின் ஸ்வரமும் அதே கம்பியை 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஸ்வரமும் ஒரே ஸ்வரமாக, மேல் ஸ்தாயியில் வர வேண்டும். சுருதி காட்டும் டியூனரில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடலாம்.

விரல் நுனி வலிக்கிறது. எப்போது நிற்கும்?

ஒழுங்காகத் தினமும் தொட்டால் மூன்று நான்கு வாரத்தில் தோல் தடித்துவிடும். அதுவரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வாசியுங்கள். கம்பி அழுத்தும் கையில் நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். குளித்து முடித்த கையோடு வாசிக்க வேண்டாம், ஊறிய தோலில் கம்பி பதியும். கம்பி செட்டையும் மாற்றலாம்: 12 என்று சொல்லப்படும் செட்டுக்குப் பதில் 10 அல்லது 11. அந்த எண், மெல்லிய கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது.

பாதி வலி, தேவைக்கு மேல் அழுத்துவதால் வருவது. ஒரு கம்பியில் விரலைச் சும்மா வைத்து மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். ஸ்வரம் தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. விரல் ஃப்ரெட்டுக் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தால் இன்னும் குறைவான அழுத்தமே போதும்.

மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் கதை வேறு. அது பழகிப்போகும் வலி இல்லை. நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

என் விரல்கள் குட்டை. அடுத்த கம்பியில் படுகிறது.

அடுத்த கம்பியில் படுவதற்கு விரல் நீளம் காரணம் இல்லை, பெரும்பாலும் கட்டைவிரல்தான் காரணம். அது கழுத்துக்கு மேலே ஏறி எட்டிப் பார்த்தால் மற்ற விரல்கள் படுத்துவிடும். கட்டைவிரலைக் கழுத்தின் முதுகில் நடுவாக வைத்துப் பாருங்கள். விரல்கள் சுத்தியல்போல் எழுந்து நிற்கும்.

ஜாங்கோ ரெயின்ஹார்ட் 1928இல் ஒரு தீ விபத்தில் சிக்கி இடது கையின் கடைசி இரண்டு விரல்களை ஏறக்குறைய இழந்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டே விரல்களால் வாசித்துத்தான் ஜாஸ் கிட்டாரின் முகத்தை மாற்றினார். பிளாக் சபத் ராக் குழுவின் டோனி அயோமி, தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, தானே செய்துகொண்ட உறைகளை மாட்டிக்கொண்டு வாசித்தவர். நம் விரல்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன.

நான் இடது கைக்காரன். கிட்டாரைத் திருப்பிப் பிடிக்க வேண்டுமா?

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் திருப்பிப் பிடித்தார். மார்க் நாஃப்லர் இடது கைக்காரர்தான், ஆனால் எல்லோரையும்போல வலது கைக் கிட்டாரே வாசிக்கிறார். முன்பின் வாசித்ததே இல்லையென்றால் முதலில் வலது கைக் கிட்டாரை இரண்டு வாரம் முயன்று பாருங்கள் என்பேன். யாருடைய கிட்டாரையும் வாங்கி வாசிக்கலாம் என்ற வசதி பெரியது. தாளம் போடும் கை நொண்டுவதுபோலவே இருந்தால் தயங்காமல் இடது கைக் கிட்டாருக்கு மாறிவிடுங்கள்.

டியூன் செய்வது எப்படி? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை?

நாள் கணக்கில்லை. ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும். தலைப்பகுதியில் கவ்வும் டியூனர் ஒன்று அல்லது ஃபோனில் ஒரு செயலி போதும். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ. இரண்டு கடைசியும் இ என்றாலும் நடுவில் இரண்டு ஸ்தாயி வித்தியாசம்: தடித்தது சுமார் 82 ஹெர்ட்ஸ், மெல்லியது சுமார் 330.

தொடங்குபவர்கள் கம்பியை அறுப்பது இங்கேதான். டியூனர் "இ" என்று காட்டும் வரை முறுக்குவார்கள், ஆனால் முறுக்குவது வேறு கம்பியின் ஆணியை. எந்த ஆணியைத் திருப்பினால் எந்தக் கம்பி என்று முதலில் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். சுருதி மேலே போய்விட்டால் கொஞ்சம் தளர்த்திக் கீழே கொண்டுவந்து, மறுபடி கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

டியூனர் இல்லாத நேரத்துக்கு: தடித்த கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டில் வரும் ஸ்வரம்தான் அடுத்த கம்பி திறந்தபடி தர வேண்டியது. இப்படியே இறங்கி வாருங்கள். ஜி கம்பியிலிருந்து பி கம்பிக்குப் போகும்போது மட்டும் 4ஆவது ஃப்ரெட்.

முதலில் எந்தக் கார்டுகளைப் பழகுவது?

புத்தகங்கள் பல வரிசை சொல்லும். என் வரிசை: இ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி. இந்த ஐந்தும் வந்துவிட்டால் வாசிக்கக்கூடிய பாட்டுகளுக்குப் பஞ்சமே இருக்காது.

கார்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்த விரல் அசைகிறது என்று பார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும். மற்ற இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். இ மேஜரின் வடிவத்தை அப்படியே ஒரு கம்பி கீழே தள்ளினால் ஏ மைனர்.

ஜி-யை நான்கு விரலில் பிடிக்கப் பழகுங்கள்: மோதிர விரலும் சுண்டு விரலும் மெல்லிய இரண்டு கம்பிகளின் 3ஆவது ஃப்ரெட்டில். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு விரலையும் எடுக்காமலேயே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒரு கம்பி கீழே இறக்கினால் சி-யின் உறவுக்காரக் கார்டு ஒன்று வந்துவிடும், பல பாட்டுகளில் சி-க்குப் பதில் அதுவே பொருந்தும். அங்கிருந்து டி-க்குப் போகும்போதும் மோதிர விரல் அசையாது. இப்படி ஒரு விரலாவது தரையில் ஊன்றியிருக்கிற மாற்றங்களைத் தேடிப் பிடியுங்கள்.

கார்டு மாற்றும்போதெல்லாம் பாட்டு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

இடது கைக்காக வலது கை காத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே முறிக்க வேண்டும். கார்டு தயாரோ இல்லையோ, வலது கை தாளத்தில் இறங்கியே ஆக வேண்டும். விரல் போய்ச் சேராவிட்டால் திறந்த கம்பியாவது ஒலிக்கட்டும், பரவாயில்லை. தாளம் தப்பினால் அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு கம்பி முனகினால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

இதற்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குக் கடிகாரம் வையுங்கள். மாற்றி மாற்றிப் பிடித்து ஒருமுறை மீட்டுங்கள். எத்தனை மாற்றம் வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பத்து வரும். ஒரு வாரத்தில் இருபது, முப்பது. இந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பாட்டுத் தேர்வுக்கு அதுதான் அளவுகோல்.

ஸ்ட்ரம்மிங் (கம்பிகளைச் சேர்த்து மீட்டுவது) எனக்கு வரவே இல்லை.

பாட்டர்னை மனப்பாடம் செய்ய முயல்வதால்தான். கை ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஒரே சீராக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த ஆட்டத்தில் கம்பியைத் தொடுகிறோம், எதில் தொடாமல் விடுகிறோம் என்பதுதான் பாட்டர்ன். பலரும் சொல்லித்தரும் "கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்" என்பதில் மூன்றாவது தட்டில் கை கீழே போகிறது, கம்பியைத் தொடுவதில்லை. கையையே நிறுத்திவிட்டால் அந்தப் பாட்டர்ன் ஜன்மத்துக்கும் வராது.

முதல் இரண்டு வாரம் கீழ்நோக்கி மட்டும், தட்டுக்கு ஒன்று. இதை வைத்தே முழுப் பாட்டும் வாசிக்கலாம். மூன்று தட்டுப் பாட்டு என்றால் முதல் தட்டில் தடித்த கம்பி ஒன்றை மட்டும், அடுத்த இரண்டில் மெல்லிய கம்பிகளை. கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கை 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டரில் வாங்குங்கள். தடித்த பிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

"சுலபமான பாட்டு" என்று எதை வைத்துச் சொல்வது? மூன்று கார்டு இருந்தால் சுலபமா?

எல்லோரும் கார்டுகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. ஐந்து கார்டுள்ள பாட்டு சுலபமாக இருக்கும், இரண்டே கார்டுள்ள பாட்டு கையை உடைக்கும். பார்க்க வேண்டியது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு ஓடுகிற பாட்டு, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு. அப்படியானால் நிமிடத்துக்கு 20 மாற்றம், மூன்று நொடிக்கு ஒன்று. இன்னொரு பாட்டு 120 தட்டில் ஓடுகிறது, இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு. அதில் நிமிடத்துக்கு 60 மாற்றம், நொடிக்கு ஒன்று! இரண்டுக்கும் அதே நான்கு கார்டுகள்தான் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவது மூன்று மடங்கு கஷ்டம். மேலே சொன்ன ஒரு நிமிடப் பயிற்சியில் உங்களுக்கு வருகிற எண்ணில் பாதியைவிடப் பாட்டின் எண் குறைவாக இருந்தால் துணிந்து எடுக்கலாம். பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டில் மாற்றத்துக்கு நடுவே மீட்டவும் வேண்டும், கொஞ்சம் மூச்சு விடவும் வேண்டும்.

சராசரி சில நேரம் ஏமாற்றும். எல்லோருக்கும் தெரிந்த பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி, சி, டி என மூன்று கார்டு, மூன்று தட்டுத் தாளம். நிமிடத்துக்கு 90 தட்டில் பாடினால் 16 நொடியில் முடிந்துவிடும், அதற்குள் ஆறு மாற்றம். நிமிடக் கணக்கில் 22, 23தான். ஆனால் கடைசி வரியில் மட்டும் சி, ஜி, டி, ஜி என்று அடுத்தடுத்து ஓட வேண்டும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் அதுதான். இன்னொரு வில்லங்கமும் அதில் இருக்கிறது: "ஹேப்பி" என்ற சொல் தாளம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது, முதல் கார்டு விழ வேண்டியது "பர்த்" என்ற இடத்தில். வாயும் கையும் சேர்ந்து ஆரம்பித்தால் பாட்டு முழுக்கப் பிசகும். எனவே ஒரு பாட்டை எடுக்கும்போது அதன் வேகமான இடம் எது, எடுப்பு எங்கே என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பாட்டு உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்திருக்க வேண்டும். கார்டு வரும் இடத்தைக் காகிதம் சொல்வதற்கு முன் காது சொல்லிவிடும். நேற்றுத்தான் முதல்முறை கேட்ட பாட்டு, எவ்வளவு எளிமையானாலும் ஆரம்பத்துக்கு ஆகாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் ஒரே கார்டு வரிசை வந்தால் வேலை பாதி. நடுவில் சுருதி மாறுகிற பாட்டு, தாளம் மாறுகிற பாட்டு, பிடிக்கத்தான் செய்யும். ஆறு மாதம் போகட்டும்.

எனக்குப் பிடித்த பாட்டு கஷ்டமாக இருக்கிறது. அதைத்தான் வாசிக்க வேண்டும்!

சரி, அதை இறக்கிக் கொண்டுவருவோம்.

முதல் உதவி கேப்போ. கழுத்தைக் குறுக்கே கவ்வும் இந்தச் சின்னக் கருவி ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் எல்லாக் கம்பியும் அரை ஸ்வரம் ஏறும். பாட்டு பி ஃபிளாட் ஸ்கேலில் இருக்கிறதா? மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்களில் வாசியுங்கள். இ ஃபிளாட் என்றால் மூன்றில் போட்டு சி வடிவங்கள், அல்லது ஒன்றில் போட்டு டி வடிவங்கள். பி மைனர் என்றால் இரண்டில் போட்டு ஏ மைனர். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டி மாட்டுங்கள், நடுவில் மாட்டினால் கரகரக்கும். கேப்போ போட்டு வாசிப்பது திருட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

இரண்டாவது, கார்டுகளைக் கழிப்பது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் அரைத் தட்டுக்கு மட்டும் எட்டிப் பார்க்கும் கார்டுகளை விட்டுவிடுங்கள். முதல் தட்டில் விழுகிற கார்டுகள் போதும், பாட்டு அடையாளம் தெரியும். இது எந்த அளவுக்கு உதவும் என்பதை மாற்றக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 50 இருந்த பாட்டு 25க்கு இறங்கிவிடும்.

அதுவும் முடியவில்லையா, பல்லவியை மட்டும் எடுங்கள். நான்கு வரி முழுசாக வந்தாலே அது ஒரு பாட்டுதான். காணொளியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து ஓடவிட்டு அதனோடு சேர்ந்து வாசிப்பதும் நல்ல வழி.

இணையத்தில் ஒரே பாட்டுக்கு ஆளுக்கொரு கார்டு போட்டிருக்கிறார்கள். எது சரி?

சில நேரம் எல்லாமே சரி: ஒருவர் கேப்போ போட்டு எழுதியிருப்பார், ஒருவர் போடாமல். சில நேரம் எல்லாமே தப்பு. ஒரு ஸ்கேலில் இயல்பாக வரும் கார்டுக் குடும்பம் தெரிந்திருந்தால் வடிகட்டலாம். ஜி ஸ்கேலில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, இ மைனர். சி ஸ்கேலில் சி, டி மைனர், இ மைனர், எஃப், ஜி, ஏ மைனர். இதற்கு வெளியே ஒரு கார்டு இருந்தால் தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம், ஆனால் அந்த இடத்தை மட்டும் பாட்டோடு இரண்டு முறை ஒத்துப் பாருங்கள். பாட்டின் அடியில் ஓடும் பேஸ் ஒலியைக் கவனித்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

எஃப் கார்டு!

கேள்வியே இல்லாமல் வெறும் ஆச்சரியக்குறியோடு வருகிற ஒரே கேள்வி. புரிகிறது.

ஒரு விரலால் ஆறு கம்பியையும் அமுக்குவது கஷ்டம். அதையும் கழுத்தின் தலைமாட்டில், கம்பி மிக விறைப்பாகத் தோன்றும் முதல் ஃப்ரெட்டில் செய்யச் சொல்கிறது எஃப். எனவே அங்கே ஆரம்பிக்காதீர்கள். அதே வடிவத்தை 5ஆவது ஃப்ரெட்டில் பிடியுங்கள், அங்கே அது ஏ மேஜர். அது தெளிவாக ஒலித்த பிறகு நான்கு, மூன்று என்று ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். ஆள்காட்டி விரலின் சதைப்பற்றான உள்பக்கத்தை வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி எலும்போரத்தை வையுங்கள். விரலை மட்டும் நம்பாமல் கையின் கனத்தால் பின்னுக்கு இழுங்கள்.

அதுவரை பாட்டு காத்திருக்க வேண்டியதில்லை. சி-யின் வடிவத்தில் நடுவிரலையும் மோதிர விரலையும் ஆளுக்கொரு கம்பி கீழே இறக்கி, மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் மீட்டினால் எஃப் மேஜர் செவன். முக்கால்வாசிப் பாட்டுகளில் யாரும் வித்தியாசம் கேட்க மாட்டார்கள். பி மைனர் வந்தால் பி மைனர் செவன்: (மெல்லியதை முதலாவதாக எண்ணி) ஐந்தாவது, மூன்றாவது, முதல் கம்பிகளின் 2ஆவது ஃப்ரெட்டில் ஒவ்வொரு விரல், தடித்த கம்பியை விட்டு மற்றவற்றை மீட்டுங்கள்.

வாசிக்க வருகிறது, பாட வருகிறது. இரண்டும் சேர்ந்து வரவில்லை.

கை யோசிக்காமல் ஓடத் தொடங்கும் வரை வராது. முதலில் வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். பேச முடிந்தால் முனகுங்கள், பிறகு வரிகள். ஸ்ட்ரம்மிங்கை நான்கு தட்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு ஆரம்பித்தால் சீக்கிரம் பிடிபடும். குரல் எட்டவில்லையென்றால் பாட்டின் மேல் பழி போடாதீர்கள். கேப்போவை ஏற்றியோ இறக்கியோ உங்கள் சுருதிக்குக் கொண்டுவாருங்கள்.

கார்டு வேண்டாம், பாட்டின் மெட்டை வாசிக்க ஆசை.

ஒரே கம்பியில் தொடங்குங்கள். திறந்த கம்பி ச என்று வைத்தால் அதே கம்பியில் 2, 4, 5, 7, 9, 11, 12ஆவது ஃப்ரெட்டுகள் ரி க ம ப த நி ச. அதாவது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், மேஜர் ஸ்கேல். இதை வைத்துத் தெரிந்த மெட்டுகளைத் தடவித் தடவிக் கண்டுபிடிப்பதுபோல் காதுக்கு வேறு பயிற்சி இல்லை. அலங்காரம் வேண்டுமானால் விரலை எடுக்காமல் அடுத்த ஃப்ரெட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். முழுக் கமகத்தையும் ஃப்ரெட்டுள்ள வாத்தியத்தில் எதிர்பார்த்து முதல் மாதத்திலேயே மனம் உடைய வேண்டாம்.

தினமும் எவ்வளவு நேரம்?

இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது வேலைக்கு ஆகாது. கிட்டாரை உறையில் பூட்டி வைக்காமல் கண்ணில் படும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நேர் வெயிலும் பூட்டிய காருக்குள் இருக்கும் சூடும் மட்டும் படக்கூடாது. ஒட்டுப் பசை இளகிவிடும்.

ஆசிரியர் வேண்டுமா?

காணொளி உங்கள் கையைப் பார்க்காது. அதனால் முதல் நான்கைந்து வகுப்பாவது நேரில் ஒருவரிடம் போவது நல்லது. அதற்குப் பிறகு சொந்தமாகவே ஓட்டலாம்.

கம்பியை எப்போது மாற்றுவது?

கறுத்து, சொரசொரத்து, சத்தம் மந்தமானதும். தினமும் வாசித்தால் இரண்டு மூன்று மாதம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். புதுக் கம்பி முதல் இரண்டு நாள் சுருதி நிற்காது, பழுது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு பாட்டு "வந்துவிட்டது" என்று எப்போது முடிவு செய்வது? அடுத்ததற்கு எப்போது போகலாம்?

நிற்காமல் தொடக்கம் முதல் கடைசி வரை மூன்று முறை வாசிக்க முடிந்தால் வந்துவிட்டது. நான்கைந்து கம்பி முனகியிருக்கும், இருக்கட்டும். குறையே இல்லாமல் வரும் வரை ஒரே பாட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பாட்டே வெறுத்துப்போகும்.

நான் எப்போதும் கையில் இரண்டு பாட்டு வைத்திருப்பேன். ஒன்று, மாற்றக் கணக்கு என் எண்ணில் பாதிக்கும் கீழே இருப்பது. களைப்பான நாளில் அதை வாசிப்பேன். இன்னொன்று, என் எண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பது. அதில் தினம் ஒரு வரி. இரண்டாவது பாட்டு முதல் பாட்டாக மாறும் நாளில் புதிதாக ஒன்றைத் தேடுவேன். ஒரு நிமிடப் பயிற்சியையும் அன்றைக்கு மறுபடி செய்து பாருங்கள், பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதிவையுங்கள்.